கிராஞ்சிச் சுவரில் இருக்கும் தம்பிகள்: தமிழ்மொழி விழா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வளர்தமிழ் இயக்கத்தினருக்கும், ஏப்ரல் வந்தால் தமிழ்மொழி விழாவுக்காக ஓடியாடி உழைக்கும் சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகள் எல்லாவற்றுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கேட்டு வாங்கத்தான் இந்த மடல்: கிராஞ்சி போர் நினைவிடச் சுவரில் இருக்கும் நம்மவர் பெயர்களைத் தமிழில் வாசிப்பதற்காக. மண்டபம் வேண்டாம், மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்ல எங்கள் ஊர்க் கேணியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் போளூருக்குப் பக்கத்தில். அன்றைக்கு அது வட ஆர்க்காடு மாவட்டம். எங்கள் நிலத்தில் ஒரு கேணி பாதி வெட்டியபடி நிற்கிறது. மேலே செம்மண், அதன் கீழே சுக்கான், அப்புறம் கரும்பாறை. பாறையில் உளி விழுந்த தடங்கள் இன்னும் வரிவரியாகத் தெரியும். வெடிமருந்து திணிப்பதற்காகப் போட்ட துளைகள் நாலைந்து, கட்டைவிரல் நுழையும் அளவில், அப்படியே இருக்கின்றன. துளை போட்டாகிவிட்டது, மருந்து வாங்கக் காசு இல்லை. மழைக்காலத்தில் முழங்கால் ஆழம் தண்ணீர் தேங்கும்; சித்திரையில் தவளைகூட இருக்காது. ஊரில் அதற்குப் பெயர் 'பட்டாளத்தான் கேணி'.

அந்தப் பட்டாளத்தான் என் தாத்தாவின் அண்ணன். எனக்குப் பெரிய தாத்தா. நான் அவரைப் பார்த்ததில்லை, என் அப்பாவும் பார்த்ததில்லை. இரண்டு காணி மானாவாரி நிலம், ஒரு ஜோடி மாடு. ஆடியில் மல்லாட்டை (நிலக்கடலைதான்) விதைப்பார். வேலை இல்லாத நாளில் அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் கேணி வெட்டப் போவார். பாறையைப் பார்த்தே எந்த இடத்தில் துளை போட்டால் எந்தப் பக்கம் பிளக்கும் என்று சொல்லிவிடுவாராம். 1930-களில் விளைச்சலுக்கு விலை இல்லாமல் கடன் ஏறிப்போன குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சொந்தக் கேணி இருந்தால் ஒரு போகமாவது நெல் பார்க்கலாம் என்று வெட்ட ஆரம்பித்தார். பாறை வந்தது, பணம் தீர்ந்தது. 1940-ல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வந்தார்கள்.

வந்தவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார் என்று வீட்டில் சொல்வார்கள். உளி பிடித்துக் காய்த்த கை. மதராஸ் சாப்பர்ஸ் படைக்கு அனுப்பிவிட்டார். சாப்பர் என்றால் பாதை போடுகிறவன், பாலம் கட்டுகிறவன், உத்தரவு வந்தால் கட்டிய பாலத்தைத் தானே தகர்க்கிறவன். பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் பயிற்சி. இந்தப் படைக்காரர்களுக்கு ராணுவத்தில் இன்றைக்கும் செல்லப்பெயர் 'தம்பி'. வீட்டில் மூத்த பிள்ளை, படையில் தம்பி! அவர் அனுப்பிய மணியார்டர்களில் ஒன்றின் துண்டுச்சீட்டு எங்கள் தகரப் பெட்டியில் இன்னும் இருக்கிறது. யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். கேணி வேலையை நிறுத்த வேண்டாம் என்பதுதான் அதில் முதல் விஷயம். நலம் விசாரிப்பெல்லாம் கடைசியில், இடம் இருந்த அளவுக்கு.

பிறகு கப்பலேற்றி மலாயாவுக்கு அனுப்பினார்கள். மீதி நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பிரிட்டிஷ் படை தெற்கு நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே வந்தது. அப்படிப் பின்வாங்கும்போது சாப்பர்களுக்குக் கடைசி இடம்: எல்லோரும் ஆற்றைக் கடந்த பிறகு பாலத்தைத் தகர்த்துவிட்டுத்தான் அவர்கள் கிளம்ப முடியும். தண்ணீருக்காகப் பாறையில் துளை போட்டவர், கடைசி இரண்டு மாதமும் ஆற்றுப் பாலங்களில் துளை போட்டுக்கொண்டிருந்திருப்பார். ஜனவரி 31 அன்று ஜோகூர்க் கடற்பாலமும் தகர்க்கப்பட்டது. பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் தீவுக்குள் வந்தார்கள். 15-ஆம் தேதி சரணடைந்தாயிற்று.

அவர் மனைவிக்கு, எனக்குப் பெரிய ஆயா (பாட்டி), அப்போது பதினெட்டு வயது. முதலில் 'காணவில்லை' என்று ஒரு காகிதம் வந்தது. போர் முடிந்த பிறகு 'இறந்துவிட்டார்' என்று இன்னொன்று. இடைப்பட்ட வருஷங்களில் பொட்டோடும் தாலியோடும்தான் இருந்தார். இரண்டாவது காகிதம் வந்த பிறகும் லேசில் கழற்றவில்லை என்பார்கள். உடம்பு வரவில்லை. எந்த நாள் என்றும் தெரியாது. நாள் தெரியாதவருக்கு எந்தத் திதியில் படைப்பது? அதனால் எல்லா அமாவாசைக்கும் படைத்தார். கேழ்வரகுக் களியும் மல்லாட்டைத் துவையலும் இலையில் வைத்துக்கொண்டு, கொல்லைப் பக்கம் நின்று காக்காயைக் கூப்பிடுவார். காக்காய் வர நேரமானால் அவர் முகம் மாறிவிடும். 1987-ல் அவர் கண்ணை மூடும்வரை இது நடந்தது. மீந்த களியில் பங்கு கேட்டு நானும் நின்றிருக்கிறேன்.

அவர் தன் கணவரின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அந்தக் காலத்து வழக்கம். உங்கள் வீட்டுப் பாட்டிமாரும் அப்படித்தான் இருந்திருப்பார்கள். பென்ஷன் விஷயமாக ஆபீசுக்குப் போனால் அங்கே இருக்கிறவர், "புருஷன் பேர் என்னம்மா?" என்பார். ஆயா பக்கத்தில் நிற்கும் எட்டு வயதுப் பையனைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பையன், அதாவது என் அப்பா, நிமிர்ந்து நின்று பெரியப்பா பெயரை உரக்கச் சொல்வார். அதற்காகவே அவரைக் கூட்டிக்கொண்டு போவார்களாம்.

அந்தப் பெயரை நானும் இங்கே எழுதவில்லை. எழுதினால் இது ஒரு வீட்டுக் கதையாகச் சுருங்கிவிடும். நான் பேச வந்தது ஒரு சுவரைப் பற்றி.

1996-ல் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தேன். உட்லண்ட்ஸ் பக்கம் வாடகை அறை, பிறகு வீவக எனப்படும் அரசு வீடமைப்புக் கழக வீடு. பதினோரு வருஷம் 170-ஆம் எண் பேருந்தில் கிராஞ்சி போர் நினைவிடத்தைத் தாண்டித்தான் போய்வந்தேன். வெள்ளைக்காரர்களின் கல்லறை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தலையைக்கூடத் திருப்பியதில்லை. ஒரு தடவை ஊருக்குப் போனபோது அப்பா தகரப் பெட்டியைத் திறந்து படை எண் இருந்த காகிதத்தைக் கொடுத்து, "அங்கதான இருக்க, கொஞ்சம் விசாரி" என்றார். திரும்பி வந்து காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தேடினேன். கிடைக்கவில்லை. ஆங்கில எழுத்தில் நம் பெயரை அந்தக் காலத்துக் குமாஸ்தா எப்படி எழுதியிருப்பான் என்று யார் கண்டது? ழகரம், ளகரம், லகரம் மூன்றுக்கும் அவனிடம் இருந்தது ஒரே எழுத்து. ஏழுமலை என்று ஒருவன் சொன்னால் எலுமலை என்றுதான் ஏட்டில் ஏறும். ஐந்தாறு விதமாக எழுதிப் பார்த்து, கடைசியில் படை எண்ணை வைத்துப் பிடித்தேன். அப்பா பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் எல்லாம் பதிவேட்டில் இருந்தன. ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர் அப்படி ஒரு பெயரை இதுவரை கேட்டிருக்காது.

அடுத்த சனிக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு போனேன். அப்போது அவள் தொடக்கநிலை நான்கு. கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் கொஞ்ச தூரம்தான், ஆனால் நல்ல வெயில். சரிவில் வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக மேலேறிப் போகின்றன. 4,400-க்கு மேல். அவற்றில் 850-க்கு மேற்பட்டவர்கள் யார் என்றே தெரியாது. உச்சியில் விமான இறக்கை மாதிரி ஒரு கூரை, நடுவில் நீர்மூழ்கிக் கப்பலின் முதுகு மாதிரி ஒரு கோபுரம். 1957 மார்ச் 2 அன்று திறந்துவைத்தது. அந்தக் கூரையைத் தாங்கும் சுவர்களில்தான் கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள், 24,000-க்கு மேல், படைவாரியாக வெட்டியிருக்கிறார்கள். தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கு அதே வளாகத்தில் தனியாக ஒரு நினைவுச்சின்னமும் உண்டு.

பெயரை மகள்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தாள். ஆங்கிலப் பெயரைப் படிப்பதுபோல, நாக்கு எங்கேயும் மடங்காமல். யாரோ வேற்று ஆளைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. நான் சரியாகச் சொல்லிக்காட்டி, மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது. பிறகு அவளே விரலை வைத்துக்கொண்டு அதே பத்தியில் கீழே இறங்கிப் போனாள். முருகன் பெயர், மாரியம்மன் பெயர், அந்தோணியார் பெயர், ஷேக் என்று தொடங்கும் பெயர், தெலுங்குப் பெயர், மலையாளப் பெயர். கொஞ்சம் பெயர்களை எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை. கல்லில் ஊர் கிடையாது, வயது கிடையாது, தேதி கிடையாது. பெயர் மட்டும்தான். அதையும் தமிழ் நாக்கு கொண்டு வாசித்தால்தான் அது பெயர்.

அங்கே ஒரு பெரிய வாசகம் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. தோழர்களுக்குக் கிடைத்த வழக்கமான இறுதிச் சடங்குகள் போரின் போக்கில் இவர்களுக்குக் கிடைக்காமல் போயின என்பது அதன் சாரம். ஆயாவுக்குப் படித்துக்காட்டியிருந்தால், "எவன் சொன்னது? நான் ஒரு அமாவாசை விட்டதில்லையே" என்று சண்டைக்கே வந்திருப்பார்.

அமாவாசை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் அவருக்கு எழுதியிருக்கும் தேதி 1942 பிப்ரவரி 15. வேலையிடத்தில் ஒரு சீன அங்கிளிடம் இதைச் சொன்னபோது, "அன்னிக்குச் சீனப் புத்தாண்டு முதல் நாள், எங்க அம்மா சொல்லுவாங்க" என்றார். எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தோன்றியது: சீனப் புத்தாண்டு வருவதே அமாவாசை நாளில். அதுவும் மாசி அமாவாசை. எங்கள் பக்கத்தில் அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும் நாள், ஊரே சுடுகாட்டுக்குப் படையல் எடுத்துக்கொண்டு போகும் நாள். அன்றிரவே அப்பாவுக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ஆயா சரியாத்தான் படைச்சிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சரி, உங்களிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

கல்லில் பெயர் வெட்டுவது நமக்குப் புதிதல்ல. எங்கள் செங்கம், போளூர் வட்டாரத்தில் வயல்வெளி எங்கும் நடுகற்கள். மாடு மீட்டுச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன் என்று பெயரும் காரியமும் வெட்டி நட்டவை. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. அதில் விழுந்து கிடந்த வீரனை விட்டுப் போகாமல் காவல் இருந்த நாயின் பெயரும் எழுதியிருக்கிறது: கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகியும் அந்த நாயின் பெயரை நம்மால் பிசகாமல் சொல்ல முடிகிறது, ஏனென்றால் எழுதியவன் அதைத் தமிழில் எழுதினான். அதே மண்ணிலிருந்து போய் இந்தத் தீவில் செத்த பையன்களின் பெயரை வாசிக்க நாம் தடுமாறுகிறோம். என் வருத்தம் இவ்வளவுதான்.

கல்லை மாற்றச் சொல்லவில்லை. அது பல நாட்டவருக்கும் பொது. எஸ்பிளனேட் பூங்காவில் இருக்கும் செனட்டாப் என்ற போர் நினைவுச்சின்னத்தில் இரண்டாம் உலகப் போர்க்காரர்களுக்கான வாசகம் நான்கு மொழிகளிலும் இருக்கிறது, தமிழும் சேர்த்து. போய்ப் பாருங்கள். கிராஞ்சியில் நாம் செய்ய வேண்டியது வாயால் செய்யக்கூடியது. தமிழ்மொழி விழா மாதத்தில் ஒரு ஞாயிறு, வெயில் ஏறுவதற்கு முன், ஆணையத்திடம் முறையாக அனுமதி கேட்டுக்கொண்டு, மதராஸ் படைகளின் பத்திகளுக்கு முன்னால் நின்று அந்தப் பெயர்களைத் தமிழில் வாசிப்பது. ஆளுக்கு இருபது பெயர். பெயரோடு அவர் அப்பா பெயரும் ஊரும். நவம்பரில் அங்கே நினைவு ஞாயிறு நடக்கிறது, ஏப்ரல் 25 விடிகாலையில் ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் கூடுகிறார்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் நாக்கால் கூப்பிடுகிறார்கள். நாமும் கூப்பிடலாம்.

வாசிப்பது ஒரு மணி நேர வேலை. அதற்கு முந்தைய வேலைதான் ருசியானது. பதிவேட்டில் இருப்பதை எடுத்து, ஒவ்வொரு பெயரும் தமிழில் என்னவாக இருக்கும், அந்தச் சிதைந்த ஊர்ப் பெயர் எந்த ஊராக இருக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இதைவிட நல்ல தமிழ்ப் பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ழகர ளகரம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கொடுங்கள், போதும். தெலுங்கு, மலையாளப் பெயர்களை ஒதுக்கிவிட வேண்டாம். அந்த மொழிக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரே சோறு தின்றவர்கள்.

ஒரு நிகழ்ச்சிக் குழுவில் முன்பு இதைச் சொல்லிப் பார்த்தேன். "யோசனை நல்லாத்தான் இருக்கு, ஆனா சிறப்பு விருந்தினரை எங்க உட்கார வைக்கிறது?" என்றார் ஒருவர். கிண்டலாகச் சொல்லவில்லை, நிஜமான கவலையோடுதான் கேட்டார். இன்னொருவர் கொஞ்சம் கடுமையாக, "வெள்ளைக்காரனுக்காகச் செத்த கூலிப்படைக்கு நாம எதுக்கு விழா எடுக்கணும்?" என்றார். இந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் சரணடைந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, ஃபேரர் பார்க்கில் பல்லாயிரம் இந்திய வீரர்களை உட்கார வைத்து ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்களே, அந்தக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து எழுந்துபோய் நிறையப் பேர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேர மறுத்தவர்களில் பலரை நியூ கினிப் பக்கம் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அங்கே பட்டினியிலும் நோயிலும் மாண்டவர்கள் ஏராளம். இரு பக்கமும் ஒரே தாலுகாக்காரர்கள் இருந்திருப்பார்கள். நேதாஜியின் படைக்கு எஸ்பிளனேடில் 1995-ல் ஒரு நினைவுக்குறி வைத்தார்கள். நாம் போகிறோம், வணங்குகிறோம், சரி. கிராஞ்சிச் சுவருக்கும் போவதால் அது குறைந்துவிடாது. என் பெரிய தாத்தா எந்தச் சக்கரவர்த்திக்காகவும் போனவர் இல்லை. நாலு துளைக்கு வெடிமருந்து வாங்கப் போனவர்.

சயாம் மரண ரயில் பாதையில் செத்த தோட்டத் தமிழர்களுக்கு இந்தச் சுவர்கூட இல்லை, பதிவேடும் இல்லை. அதைப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. இருக்கிற பெயர்களையாவது வாசிப்போம் என்றுதான் கேட்கிறேன்.

நான் சும்மா கேட்கவில்லை. இதுவரை அறுபத்து மூன்று பெயர்களைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், பள்ளி நோட்டு ஒன்றில், அப்பா பெயர், ஊர், தாலுகா என்று பத்தி பிரித்து. எல்லாம் வட ஆர்க்காடு, சேலம், திருச்சி பக்கம். பதினொரு ஊர்கள் எது என்று பிடிபடவில்லை. குடியாத்தம், ஆரணி, வாலாஜா, திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் யாராவது உங்கள் அமைப்புகளில் இருந்தால், பார்த்ததும் சொல்லிவிடுவார்கள் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் முதல் ஞாயிறு காலை ஏழரை மணிக்குக் கிராஞ்சி எம்ஆர்டி வாசலில் நோட்டோடு நிற்பேன். மகளும் வருகிறாள், இப்போது அவள்தான் என்னைத் திருத்துகிறாள். குடை எடுத்துக்கொண்டு வாருங்கள், வழியில் நிழல் குறைவு.

அன்புடன்,
உட்லண்ட்ஸிலிருந்து, பட்டாளத்தான் கேணி வீட்டுப் பேரன்